யாருடைய ஆள்?

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்கக் கந்தோர்களில் இலிகிதனாகக் கடமையாற்றி, 2023 ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன் நான். மாதந்தவறாமல் எனது ஓய்வூதியம் வங்கிக்கு வந்து சேருகின்றது. அந்தப் பணத்தை எண்ணும்போதெல்லாம், என்னிடம் கேட்கப்பட்டு நான் விடை சொல்லாது விட்ட ஒரு கேள்வி நினைவுக்கு வருகின்றது. அதனை இங்கு எழுதுவது என் மனப்பாரத்தை இறக்குவதற்காக மட்டுமன்று. அக்கேள்வி நம்மிற் பலரைப் பார்த்துக் கேட்கப்பட வேண்டியது என்பதனாலேயே எழுதுகின்றேன்.

வடபுலத்து நகரொன்றில் அமைந்திருந்தது எங்கள் கந்தோர். அதனைக் கூட்டித் துடைத்துச் சுத்தஞ் செய்பவர்கள் எண்மர். அவர்களில் எவரும் அரசாங்க ஊழியரல்லர். கேள்விப்பத்திரம் கோரி, குறைந்த விலை குறித்த கொம்பனிக்கு ஒப்பந்தம் வழங்கப்படும். கொம்பனி ஆட்களை அனுப்பும். அந்தக் கோவை எனது பொறுப்பிலேயே இருந்தது. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை உண்டு. தும்புத்தடி இத்தனை, வாளி இத்தனை, பினைல் இத்தனை லீற்றர் என்று வரிசையாகச் சென்று, அதே அட்டவணையில், அதே எழுத்தில், 'ஆட்கள் 8' என்று முடியும். பல ஆண்டுகள் அந்தத் தாளை நான் சரிபார்த்துக் கையொப்பத்திற்கு வைத்திருக்கின்றேன். அதில் ஒரு பிழையும் எனக்குத் தென்பட்டதில்லை.

எண்மரில் ஒருத்தி கணவனை இழந்தவள். இரண்டு பிள்ளைகளின் தாய். நான் அவளைப் 'பிள்ளை' என்று அழைப்பேன். அவள் என்னை 'ஐயா' என்பாள். 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தாள். இரண்டாண்டுகளின் பின் ஒப்பந்தம் வேறொரு கொம்பனியிடம் சென்றது. பழைய கொம்பனி கணக்கை முடித்தது. புதிய கொம்பனி அதே ஆட்களைச் சேர்த்துக்கொண்டது. 2021 இல் மூன்றாவது கொம்பனி வந்தது. பச்சைச் சட்டை நீலமாகி, நீலம் கபிலமாயிற்று. கூட்டிய விறாந்தையும் கழுவிய மலகூடமும் மாறவில்லை. ஆனாற் சட்டை மாறுந்தோறும் அவளுடைய சேவைக்காலம் முதலாம் நாளிலிருந்து தொடங்கியது.

இதன் பொருளைச் சட்டம் அறிந்தோர் உணர்வர். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஒரே தொழில்தருநரிடம் ஐந்தாண்டுகள் வேலை செய்தவருக்கே, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கிற் பணிக்கொடை கிடைக்கும். இரண்டாண்டு இங்கே, நான்காண்டு அங்கே என்று வெட்டப்பட்ட உழைப்புக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு அவளது சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் கழிக்கப்பட்டது. கொம்பனி 12 வீதம் சேர்க்க வேண்டும். சில மாதங்கள் கழிக்கப்பட்டது நிதிக்குப் போய்ச் சேரவில்லை என்பது கொம்பனி மாறிய பின்னரே தெரிய வந்தது. யாரிடம் கேட்பது? கொம்பனியைக் கேள் என்றது கந்தோர். கந்தோர் பணம் தர வேண்டியிருக்கின்றது என்றது கொம்பனி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நாங்கள் வீட்டிலிருந்தோம், எங்கள் சம்பளம் முழுமையாக வந்தது. ஊரடங்கு தளர்ந்து கந்தோர் திறந்த நாளில், அவள் எனது மேசையைத் துடைத்தபடி மெல்லக் கேட்டாள்:

"ஐயா, நான் இப்ப ஆற்றை ஆள்? கந்தோரின்ரை ஆளோ, கொம்பனியின்ரை ஆளோ? வராத நாளுக்குக் காசில்லையெண்டு கொம்பனி சொல்லுது. கந்தோர் பூட்டினது நானே, ஐயா?"

நான் கோவையைப் புரட்டுவது போலப் பாவனை செய்தேன். ஒப்பந்தத்தில் விடை இருந்தது. வந்த தலைக்கு, வந்த நாளுக்கு என்றுதான் கொம்பனிக்கே நாங்கள் பணம் கொடுத்தோம். கந்தோருக்கு அவள் ஒரு நாட்கணக்கு. கொம்பனிக்கு அவள் ஒரு பட்டியற்சீட்டு. இருவருக்கும் நடுவில் அவள் எவருடைய ஆளுமல்லள்.

மலையகத்தின் வரலாற்றைக் கற்றவர்களுக்கு இது புதிய கதையன்று. தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த பெரிய கங்காணிக்கு, அன்றன்று வேலைக்கிறங்கிய ஆட்களின் எண்ணிக்கைப்படி தலைக்காசு கிடைத்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாறும்போது, அதனுடன் மனிதர்களும் கைமாறினர். துண்டு முறை 1921 இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கொம்பனிக்கும் கங்காணிக்கும் வேறுபாடுகள் உண்டு. இன்றைய தொழிலாளி கடனாற் கட்டுண்டவனல்லன் என்பதை மறுக்கவில்லை. அன்று போக முடியாதபடி கட்டி வைத்தார்கள்; இன்று நிற்க முடியாதபடி அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். ஆனால் உழைப்பவனுக்கும் உழைப்பைப் பெறுபவனுக்கும் இடையில் ஒருவன் நின்று தலைக்கணக்கில் ஊதியம் பெறுவது அன்றும் இன்றும் ஒன்றே. அன்று அவனை வைத்திருந்தவர் வெள்ளைத் துரை. இன்று வைத்திருப்பது மக்களின் பெயரால் நடக்கும் அரசாங்கம். ஏன்? இவர்களின் கூலி சம்பளச் செலவிற் சேராது. ஒப்பந்தச் சேவைச் செலவிற் சேரும். ஆளணியில் இவர்கள் இல்லை. எனவே ஓய்வூதியமும் இல்லை, விடுமுறைச் சம்பளமும் இல்லை.

2022 இல் நாடு கடன் நெருக்கடியில் மூழ்கியது. செலவைக் குறைக்குமாறு கட்டளை வந்தது. எண்மர் அறுவராக வேண்டும். "எந்த இருவர் என்று நீரே அடையாளமிட்டுத் தாரும்" என்றார் மேலதிகாரி. நான் நீதியாக நடக்கவே விரும்பினேன். கடைசியாகச் சேர்ந்தவர் முதலிற் செல்க என்ற பழைய விதியைப் பின்பற்றினேன். கொம்பனியின் பதிவேட்டைப் பார்த்தேன். ஒருவன் அவ்வாண்டிற்றான் வந்தவன். அவனுக்கு முன்னர் கடைசியாகச் சேர்ந்தவள் அவளே! மூன்றாவது கொம்பனி வந்த ஜனவரியில் அவளது பிள்ளை டெங்குக் காய்ச்சலிற் கிடந்தான். மற்றவர்கள் ஜனவரியிற் பதிய, அவள் மார்ச்சிற் பதிந்தாள். ஏழாண்டுகளுக்கு மேல் அந்த விறாந்தையைக் கூட்டியவள் பதிவேட்டிற் புதியவளானாள்.

எனக்கு உண்மை தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாது. நான் பதிவேட்டின்படி அடையாளமிட்டேன்.

1971 ஆம் ஆண்டின் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலாளரைக் கொண்ட தொழில்தருநர், தொழிலாளியின் எழுத்துமூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி அவரை நீக்கலாகாது என்கின்றது. கொம்பனி அவளை நீக்கவில்லை. கிளிநொச்சிக்கு அப்பாலுள்ள ஒரு கட்டடத்துக்கு மாற்றியது. பேருந்துக்கே கூலியிற் பெரும்பகுதி போய்விடும். மாலையில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. அவள் போகவில்லை. தானாகவே விலகிக்கொள்வதாக ஒரு கடிதத்திற் கையொப்பமிட்டாள். சட்டத்தின் கண்ணில் எவரும் எவரையும் நீக்கவில்லை. கபிலச் சட்டையைத் துவைத்து மடித்து என் மேசையில் வைத்துவிட்டுச் சென்றாள். கொம்பனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் அது.

நான் ஒரு தொழிற்சங்கத்தின் அங்கத்தவனாக இருந்தவன். சம்பள முரண்பாட்டுக்காகப் பணிபகிஷ்கரிப்புச் செய்திருக்கின்றேன். ஆனால் எங்கள் சங்கத்தின் யாப்பு நிரந்தர ஊழியரை மாத்திரமே அங்கத்தவராக ஏற்றது. கூட்டம் நடந்த மண்டபத்தைக் கூட்டியவர்கள் கூட்டத்துக்குள் வர இயலாது. அதனை மாற்ற வேண்டுமென்று ஒருநாளும் நான் பிரேரணை கொண்டு வந்ததில்லை. தொழிலாளர் ஒற்றுமை பற்றி மே தினத்தில் முழங்கிய வாயால், பக்கத்து மேசையின் கேள்விக்கு விடை சொல்லவில்லை.

இதை வாசிக்கும் ஆசிரியர்களே, மாணவர்களே! நிரந்தர நியமனத்தை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்காக வகுப்பெடுத்த தொண்டராசிரியர்களை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வளாகங்களின் வாயிலிற் காவல் நிற்போர் யாருடைய ஆட்கள் என்று கேட்டதுண்டா? கொம்பனி மாறினாலும் சேவைக்காலம் தொடர்ந்து எண்ணப்படல் வேண்டும். வேலை செய்யும் இடமே கூலிக்கும் நிதிக்கும் பொறுப்பேற்றல் வேண்டும். நிரந்தர வேலைக்கு நிரந்தர நியமனம் வேண்டும். இவை பெரிய கோரிக்கைகளல்ல. ஆயினும் அவர்கள் தனித்து நின்று கேட்டால், மறுநாள் அவர்களின் பெயருக்கு எதிரே ஓர் அடையாளம் விழும். அதனை இடுபவர், என்னைப் போன்ற, நீதியாக நடக்க விரும்பும் ஓர் இலிகிதராகவே இருப்பார்.

ஆகவே முதலிற் செய்ய வேண்டியது நமது சங்கங்களின் கதவைத் திறப்பதே. 'நான் ஆற்றை ஆள்?' என்று அவள் கேட்டபோது, 'நீ எங்கள் ஆள், பிள்ளை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டு, அந்தச் சொல்லுக்குரியதைச் செய்திருக்கவும் வேண்டும்.