‘சென்சார் போச்சு’ன்னு யார் சொன்னது?

எங்கள் நாஞ்சில் நாட்டில் மண் தோண்டுகிற மெஷினுக்கு மூன்று பெயர். பேப்பர்காரர்கள் ‘பொக்லைன்’ என்பார்கள். டயர் வைத்திருந்தால், எந்தக் கம்பெனி ஆனாலும் அது ‘ஜேசிபி’. செயின் வைத்திருந்தால், கோமட்சுவோ வால்வோவோ, அது ‘ஹிட்டாச்சி’தான்!

இந்த ஹிட்டாச்சிகளுக்கு வயரிங் பார்ப்பது என் பிழைப்பு. வருவதெல்லாம் பெரும்பாலும் பழைய வண்டிகள். வளைகுடாவில் பத்து வருஷம் வெயில் தின்றவர் ஊருக்கு வருவார். கடை வைக்கலாமா, ஆட்டோ வாங்கலாமா என்று ஆறு மாசம் யோசிப்பார். கடைசியில் ஒரு செகண்ட்ஹேண்ட் ஹிட்டாச்சி வாசலில் நிற்கும். வீட்டு அஸ்திவாரம், குளம் தூர்வாருதல், ரப்பர் நடக் குழி... மணிக்கணக்கு வாடகை. வண்டி ஓடினால் காசு. நின்றால்? பேங்க் தவணை மட்டும் நிற்காமல் ஓடும்!

அந்தக் காலத்து வண்டி நின்றால் புகை விடும், சத்தம் போடும். இப்போதெல்லாம் நாகரிகம். ஸ்கிரீனில் ஒரு மஞ்சள் விளக்கு, கூடவே இரண்டு நம்பர். இன்ஜின் ஆஸ்பத்திரி நடை நடக்கும். பத்தே நிமிஷத்தில் டீக்கடையில் தீர்ப்பு வந்துவிடும்: ‘‘சென்சார் போச்சு.’’ மாற்றியும் சரியாகவில்லையா, அடுத்த தீர்ப்பு: ‘‘மூளை போச்சு.’’ மூளை என்பது ஈ.சி.யூ. என்கிற கம்ப்யூட்டர் பெட்டி. அதன் விலையைக் கேட்டால் நம் மூளை போய்விடும்!

ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கு இது புதுசா என்ன? ஃபைல் காணோம் என்றால் முதலில் மாட்டுவது பியூன்தானே!

கோட் என்பதும் ஆபீஸ் மெமோ மாதிரிதான். எந்த செக்‌ஷனில் கோளாறு என்று சொல்லும். ஆளைக் காட்டிக் கொடுக்காது. 1986-ல் பாஷ் கம்பெனி ‘கேன்’ என்ற ஏற்பாட்டை அறிமுகம் செய்தது. முறுக்கிய இரண்டு வயரில் வண்டியின் எல்லாப் பெட்டிகளும் பேசிக்கொள்ளும். கனரக வண்டிகளுக்கு அதன் மேல் ‘ஜே 1939’ என்று ஒரு பொது பாஷை வந்தது. அதில் முதல் நம்பர், எந்த விஷயம் என்பது. 100 என்றால் இன்ஜின் ஆயில் பிரஷர், 110 என்றால் ரேடியேட்டர் தண்ணியின் சூடு. இரண்டாவது நம்பர், என்ன விதமான கோளாறு என்பது. நம் ஆட்கள் முதல் நம்பரைத்தான் போனில் சொல்வார்கள். உயிர் இருப்பது இரண்டாவதில்!

100-க்குப் பின்னால் 1 வந்தால், பிரஷர் நிஜமாகவே அபாயமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியே இன்ஜினை அணைக்க வேண்டும். ‘‘எப்பவும் சென்சார்தாம்ணே’’ என்று ஓட்டினால் இன்ஜினுக்குப் பாடை கட்ட வேண்டியதுதான். அதே 100-க்குப் பின்னால் 3 வந்தால் வோல்டேஜ் அதிகம், 4 வந்தால் குறைவு, 5 வந்தால் சர்க்யூட் துண்டாகியிருக்கலாம். இது கரன்ட்டின் பாஷை. ஆயிலைத் திட்டிப் பிரயோசனமில்லை.

போன மழைக்காலத்தில் குலசேகரம் பக்கம் ஒரு வண்டி. 100, 102, 157 என்று மூன்று விஷயங்கள், மூன்றுக்கும் பின்னால் 4. ஆயில் பிரஷர், டர்போ காற்று, டீசல் பிரஷர் மூன்றுமே படுத்துவிட்டதாம். ஏற்கெனவே இரண்டு சென்சார் வாங்கி மாட்டியாயிற்று. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

‘‘அண்ணே, மூளை போச்சுண்ணு சொல்லுதானுவ. எனக்க பெண்டாட்டிக்க சங்கிலி ஏற்கெனவே பேங்குல இருக்கு. இனி வளையல்தான் மிச்சம்.’’

‘‘வளையல் கையிலயே கிடக்கட்டும் மக்கா. ஒரே தெருக்குழாயில மூணு வீட்டுக்குத் தண்ணி. மூணுலயும் வரல்லைண்ணா, மூணு டேப்பும் ஒரே ராத்திரியில கெட்டுப்போச்சுண்ணா அர்த்தம்?’’

அந்த வண்டியில் மூன்று சென்சாருக்கும் 5 வோல்ட் கொடுப்பது ஒரே லைன். சாவியைப் போட்டு மல்டிமீட்டரை வைத்தேன். 5 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஏதாவது ஒன்று உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால், அதைக் கழற்றியதும் 5 திரும்பி வரும். வரவில்லை. பேட்டரியையும் பெட்டியின் சாக்கெட்டையும் கழற்றிவிட்டு, அந்த லைனுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் பீப் சத்தம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. வயர்க்கட்டை ஆட்டினால் நின்றது, மறுபடி வந்தது.

பம்ப் பக்கத்தில் கிளாம்ப்பின் ரப்பர் எப்போதோ விழுந்திருக்கிறது. யாரோ ஒரு மகராசன் வயரைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்! கம்பி தோலை அறுத்து, செம்பு பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெட்டி, ஒட்டி, ஸ்லீவ் போட்டு, புது கிளாம்ப் மாட்டி முடிக்க மத்தியானம் ஆயிற்று. சாமான் செலவு இருநூறு ரூபாய்க்குள். வாங்கின இரண்டு சென்சாரையும் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. எலெக்ட்ரிக்கல் சாமானாம்.

எங்கள் மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு மழை, கூடவே உப்புக்காற்று. குளச்சல், முட்டம் பக்கம் ஓடுகிற வண்டிகளில் சாக்கெட்டைப் பிரித்தால் பின் எல்லாம் பச்சை பூத்திருக்கும். இதில் சில பேர் ஊசியால் வயரைக் குத்தி வோல்டேஜ் பார்ப்பார்கள். அந்த ஓட்டை வழியாக உப்பு குடிபோகும். பெட்டிகள் ஒன்றுக்கொன்று பேசவில்லை என்று கோட் வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு கேன் வயர் இரண்டுக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் வைத்திருப்பதால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஏதோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

பழைய வண்டி வாங்கப்போகிறவர்கள் என்னையும் கூட்டிப்போவார்கள். நான் பக்கெட்டைப் பார்ப்பதில்லை. பழைய கோமட்சு பி.சி. 200-6 என்றால், பம்ப் கன்ட்ரோல் கெட்டு ‘ஈ 02’ வரும்போது சமாளிக்க ஓர் அவசர சுவிட்ச் உண்டு. அது ஏற்கெனவே போட்டபடி கிடந்தால் சங்கதி புரிந்துவிடும். அப்புறம் எர்த் வயர் போல்ட். விற்கிற அவசரத்தில் அதைக் கழற்றி, அடியிலும் சேர்த்து ஸ்ப்ரே அடித்திருப்பார்கள். பெயிண்ட் மேல் உட்கார்ந்த எர்த், இல்லாத கோட்டையெல்லாம் வரவழைக்கும்.

‘‘பழைய கோட் எல்லாம் மெமரியில இருக்கா? ஒரு மணி நேரம் ஓட்டிட்டுப் பாக்கலாமா?’’ என்று ஒரு தரகரிடம் கேட்டேன்.

‘‘அதெல்லாம் அழிச்சு சுத்தமா வச்சிருக்கோம்ணே. பெயிண்டும் அடிச்சாச்சு!’’ என்றார் பெருமையாக.

பாக்கெட்டில் எப்போதும் ஒரு துண்டு உப்புத்தாள் வைத்திருக்கிறேன். தரகர்களுக்கு என்னைக் கண்டால் அவ்வளவாக ஆகாது.