பெட்ரோல்ல கொஞ்சம் தண்ணி

போன நவம்பர்ல ஆச்சியக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக சங்கரன்கோவில்ல இருந்து திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். முந்தின ரெண்டு நாளும் நல்ல மழை. (எங்க ஊர்ல மழை பெய்யுறதே தனிப் பதிவு போடுற விஷயம், அதை அப்புறம் பார்ப்போம்.) வழக்கமா போடுற பல்க்லயே 1,500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டேன். பனவடலிசத்திரம் தாண்டினதும் வண்டி திணற ஆரம்பிச்சது. ரெண்டு வெட்டு வெட்டுச்சு, அப்படியே நின்னுடுச்சு.

நான் கம்ப்யூட்டர்ல பொட்டி தட்டுறவன். பானெட்டைத் திறந்து உத்துப் பார்த்தேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது :-)

அப்பா பஸ்ஸை நிறுத்தி ஆச்சியக் கூட்டிட்டுப் போயிட்டார். தேவர்குளத்துல இருந்து வந்த மெக்கானிக் அண்ணாச்சி எதையும் கழட்டுறதுக்கு முன்னாடியே கேட்டார்: "தம்பி, எப்போ பெட்ரோல் போட்டீய?"

டேங்க்குக்கு அடியில இருந்து ஒரு தண்ணி பாட்டில்ல பிடிச்சுக் காட்டினார். மேல ஒரு நிறம், கீழ கலங்கலா இன்னொரு நிறம், நடுவுல கோடு கிழிச்ச மாதிரி.

அப்புறம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இது. இப்போ பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. எத்தனாலுக்குத் தண்ணின்னா உசுரு. கொஞ்சமா சேர்ந்தா கரைச்சு வச்சுக்கும். அளவு மீறினா தண்ணியோட சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில போய் உக்காந்துக்கும். பம்ப் உறிஞ்சுறதும் அடியில இருந்துதான். பல்க்ல மண்ணுக்குள்ள இருக்கிற டேங்க்ல மழைத் தண்ணி இறங்கினா இதுதான் கதி. டேங்க் சுத்தம், ஃபில்டர், பம்ப், பிளக் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆச்சு.

பாட்டிலோட பல்க்குக்குப் போனேன். அப்பாவும் வந்தார். பணம் கட்டினது போன்ல இருக்குன்னு காட்டினேன். "பணத்துக்கு ஆதாரம் இருக்கு தம்பி, தண்ணிக்கு என்ன ஆதாரம்? நீங்க வேற எங்க போட்டீங்களோ"ன்னார் அங்க இருந்தவர். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். அதிகாரிங்க வந்து முறைப்படி எடுத்து சீல் வைக்கிற சாம்பிளுக்குத்தான் மதிப்பு, நான் கொண்டு போற தண்ணி பாட்டிலுக்கு இல்லைங்கிறதும் உண்மை. அப்பா சட்டையைப் பிடிச்சு இழுத்தார். "வாடா, நாளைக்கும் இந்த ஊர்லதான் இருக்கணும்." வந்துட்டேன்.

2025 ஜூன்ல மத்தியப் பிரதேசம் ரத்லாம்ல முதலமைச்சர் கான்வாய்க்குப் போட்ட டீசல்ல தண்ணி இருந்து 19 வண்டி நின்னு போச்சு. அந்த பல்க்குக்கு உடனே சீல் வச்சாங்க. ஆச்சிக்குக் கான்வாய் கிடையாதே.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. மஞ்சுநாத் ஞாபகம் வந்தார். சண்முகம் மஞ்சுநாத், கோலார் தங்கவயல் பையன். மைசூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங், அப்புறம் லக்னோ ஐ.ஐ.எம். எங்க செட்டுல பாதிப் பேர் இந்த மாதிரி படிச்சுட்டு அமெரிக்காவுக்கு விசா பார்த்துக்கிட்டு இருக்கோம். அவர் இந்தியன் ஆயில்ல சேர்ந்து உத்தரப் பிரதேசத்துல லக்கிம்பூர் கேரிக்குப் போனார். அங்க நடந்தது என் கதை மாதிரி மழைத் தண்ணி, அலட்சியம் இல்ல. தெரிஞ்சே பண்ணின கலப்படம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு மானியம், டீசலுக்கு வேற விலை. நடுவுல இருக்கிற வித்தியாசம் அப்படியே லாபம். ஒரு பல்க்குக்கு சீல் வச்சார். அது மறுபடி திறந்ததும் திடீர்னு சோதனைக்குப் போனார். 2005 நவம்பர் 19. ஆறு குண்டு. உடம்பு அவரோட காரோட பின் சீட்டுலயே கிடைச்சது. மூணு நாளா பையன்கிட்ட இருந்து தகவல் இல்லையேன்னு அன்னிக்கு ராத்திரிதான் அவங்க அப்பா எப்படி இருக்கேன்னு கேட்டு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தாராம். இந்த இடத்துல வந்து நான் ஒவ்வொரு தடவையும் நின்னுடுவேன்.

2007-ல பல்க் முதலாளியோட மகனுக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். 2009-ல ஹைகோர்ட் தூக்கை ஆயுளாக்கி, ரெண்டு பேரை விடுவிச்சது. மீதி ஆறு பேரோட ஆயுள் தண்டனையை 2015-ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணுச்சு. சாகும்போது அவருக்கு 27 வயசு. எனக்கு இப்போ 28. என்னை யாரும் சுடப் போறதில்ல, ஒருத்தர் சிரிச்சார், அவ்வளவுதான். அதுக்கே வீட்டுக்கு வந்துட்டேன்.

மறுநாள் அப்பாகிட்டச் சொல்லாம தனியாப் போனேன். புகார் புத்தகம் கேட்டேன். எல்லா பல்க்லயும் அது இருக்கணும். தேடுறேன்னு சொல்லிக் கால் மணி நேரம் நிக்க வச்சாங்க. பின்னாடி பைக்காரங்க என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கடைசியில வந்துச்சு. தேதி, நேரம், ரூபாய், வண்டி நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை லேசா நடுங்குச்சு, எழுத்து கோணல்.

இன்னும் பதில் வரல. பாட்டில் கொல்லைப்புறத்துல நிழல்ல இருக்கு. வீட்டுல பெட்ரோல் வைக்கலாமாடான்னு அம்மா தினமும் திட்டுறாங்க.