புரவிக்கோலம்

குதிரையைப் பாடுதற்கு நம் புலவர் சலித்தாரல்லர். பரி, புரவி, இவுளி, கலிமா என அவர் இட்ட பெயர்கள் பல. குதிரை மறம் எனப் புறத்திணையில் ஒரு துறையே உண்டு. ஆயினும் பாடுதல் வேறு, பேணுதல் வேறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கடற்கரையைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டரசர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அரபு, பாரசீகத் துறைகளினின்று பெரும்பொன் கொடுத்து வாங்கினரென்றும், லாடம் அடிப்பாரும் வளர்க்கும் வகையறிந்தாரும் இன்மையால் அவற்றுட் பெரும்பாலன ஓராண்டிற்குள் மாண்டனவென்றும் எழுதிவைத்தார். வழிப்போக்கர் கூற்றில் மிகை இருத்தல் இயல்பே. ஆயினும் அதனைப் படித்தபோது எமக்கு நாணம் உண்டாயிற்று.

எம் சிற்றப்பா கவரைப்பேட்டையை அடுத்த சிற்றூரில் நுக்ரா எனப்படும் வெண்குதிரை ஒன்று வைத்திருக்கிறார். பெட்டைக் குதிரை, பெயர் மல்லிகை. மார்வாரி இனத்திற்கே உரியவாறு காதுகளின் நுனி உள்வளைந்து ஒன்றையொன்று நோக்கி நிற்கும். மாப்பிள்ளை ஊர்வலத்திற்கு அதனை வாடகைக்கு விடுவதே அவர் பிழைப்பு. சென்ற தைத் திங்களில் திருவள்ளூர்ப் பக்கத்துத் தோப்பொன்றில் குதிரை வளர்ப்போர் சிலர் கூடி ஒரு சிறு காட்சி நடத்தினர். அதில் ஒரு வகுப்பு, குதிரையும் அதன்மேல் ஏறுவோரும் எத்துணைச் செவ்வையாக அணியமாகி வந்துள்ளனர் என்பதை மட்டும் பார்த்து மதிப்பிடுவது. ஓட்டமில்லை, தாண்டுதலில்லை. ஏறுவோர் யாம் என்று முடிவாயிற்று.

சிற்றப்பாவின் எண்ணம் எளிது. கலியாணத்திற்குக் கட்டும் சரிகைத் துணியும் பாசிமணியும் தலையில் நிற்கும் இறகும் அவரிடம் பெட்டி நிறைய உண்டு. அவற்றைப் பூட்டிச் சென்றால் வெற்றி உறுதியென்று கருதினார். அவ்வெண்ணத்தைக் கலைத்தவர், கிண்டிப் பந்தய லாயங்களில் நெடுங்காலம் குதிரைக்காரராக இருந்து ஓய்ந்த எங்களூர் முதியவர். "தம்பி, அது மாப்பிள்ளைக்குச் செய்யும் சிங்காரம். இது குதிரைக்குச் செய்வது. இவ்வளவையும் போட்டு மூடினால் நடுவர் எதைப் பார்ப்பார்?" என்றார். திருவிளையாடற் புராணத்தில் நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்து, இரவில் மீண்டும் நரிகளான கதையை நாம் அறிவோம். அரசன் பகற்கோலத்தையே கண்டு மகிழ்ந்தான். கிண்டி முதியவர் அவன் அவையில் இருந்திருப்பின் ஒவ்வொன்றன் வாயையும் திறந்து பல் பார்த்திருப்பாரென்பது எம் துணிபு. ஆடித்திங்களில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் விழாவில் கூடும் குதிரைச் சந்தையிலும் அறிந்தவர் அணியைப் பார்ப்பதில்லை. பல்லையும் காலையுமே பார்ப்பர் என்று அவர் சொல்வார்.

காட்சிக்கு ஒரு திங்களுக்கு முன்பே வேலை தொடங்கிற்று. ரப்பர்த் தேய்ப்பானால் வட்டவட்டமாகத் தேய்த்து உள்ளழுக்கையும் உதிர்மயிரையும் மேலே கொணர வேண்டும். பின்னர் மயிர் படிந்த திசையிலேயே மெல்லிய பிரஷ்ஷால் நீவ வேண்டும். கண்ணும் மூக்கும் துடைக்க ஒரு துணி, வாலடிக்கு வேறு துணி. குளம்பில் அடைந்த மண்ணையும் சாணத்தையும் கொக்கியால் குதிப்பக்கத்திலிருந்து நுனிநோக்கி வழித்தெடுக்க வேண்டும். இரும்புருக்கும் ஆலைகள் பல உள்ள எம் பக்கத்துக் காற்றில் வெண்குதிரை வெண்குதிரையாக இருப்பது எளிதன்று. நாள்தோறும் சோப்பிட்டுக் குளிப்பாட்டலாமே என்றோம். தோலின் எண்ணெய் போய்விட்டால் மயிர் ஒளியிழக்குமென்றும், ஒளி தேய்ப்பினாலும் தீனியினாலும் வருவதேயன்றிச் சோப்பினால் வருவதன்றென்றும் விடை வந்தது. லாடம் காட்சிக்கு ஒரு வாரம் முன்னரே கட்டப்பெற்றது. புதிய ஆணியால் நோவுண்டாயின் அதற்குள் தெரிந்துவிடுமாம். பிடரிமயிரைப் பின்னவில்லை. உயர்சாதிச் சவாரிக் குதிரைகளுக்குப் பின்னுவதும், நாட்டினப் போனிகளுக்கு இயல்பாக விடுவதும் இங்கிலாந்து வழக்கம். மார்வாரியும் நாட்டினமே என்பது முதியவர் தீர்ப்பு.

சேணத்தைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். பல்லணம், கலணை, கடிவாளம், அங்கவடி என்னும் சொற்களை நிகண்டிலும் அகராதியிலும் கண்டிருந்தோமேயன்றி, அவற்றின் தோல்வாரைக் கையால் தொட்டறிந்தது அப்போதுதான். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் பாய்ந்தெழும் கற்குதிரைகளின் வாரும் கடிவாளமும் ஒன்றுவிடாமற் செதுக்கிய சிற்பி, லாயத்தில் நின்று பழகியவனாகவே இருத்தல் வேண்டும். வார்களைக் கழற்றிச் சோப்பிட்டுத் துடைத்து, தையல் விட்டிருக்கிறதா என்று மடித்துப் பார்த்தோம். மூக்குவாரின் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். தொண்டைவாரில் நான்கு விரல். மிஞ்சிய வார்நுனி ஒன்றும் தொங்கலாகாது. ஏறுவோர்க்கு மோவாய்வாருடன் கூடிய தலைக்கவசம், வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கையுறை, மெருகிட்ட காலணி. காற்சட்டைக்கு ஆங்கிலர் வழங்கும் பெயர் ஜோத்பூர். 1897-இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவிற்குச் சென்ற சர் பிரதாப் சிங் அதனை அங்குப் பரப்பினாரென்பர். மல்லிகையின் இனமும் அந்த மார்வார் மண்ணினதே. ஆகவே எம் உடை குதிரையின் ஊரிலிருந்து இலண்டன் சென்று மீண்டதென்று நண்பர்களிடம் பெருமை பேசித் திரிந்தோம்.

காட்சிக்கு முந்தின மாலை, முதியவர் மல்லிகையின் முன்னங்காலின் பின்புறம் கையை விட்டுத் தடவியவர் அங்கேயே நிறுத்தினார். வயிற்றுவார் இறுகும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தளவு மயிர் தேய்ந்து, இளஞ்சிவப்புத் தோல் தடித்துச் சூடாயிருந்தது. தை முகூர்த்தக் காலம். அவ்வாரத்தில் மூன்று ஊர்வலங்கள். கலியாணச் சேணத்தின் வார் பலநாள் வியர்வையுப்பு ஊறி விறைத்துப்போய் அவ்விடத்தை அறுத்திருந்தது. எமது புதிய வாரை அதன்மேல் இறுக்கினால் வெளிக்குத் தெரியாது. வெண்மயிர் மறைக்கும், வார் மறைக்கும். சிற்றப்பா அதனைச் சொல்லவுமில்லை, சொல்லாமலிருக்கவுமில்லை. "பத்து நிமிஷந்தானே, ஐயா" என்றார். முதியவர் விடையிறுக்கவில்லை; சேணத்தை எடுத்துச் சென்று லாயத்தின் மரக்கட்டை மேல் வைத்துவிட்டு, உப்பிட்ட நீரால் புண்ணைக் கழுவத் தொடங்கினார். எமக்கு அழுகை வந்தது. மெருகிட்ட காலணி திண்ணையில் இருந்தது.

மறுநாள் மல்லிகையைச் சிறு லாரியில் ஏற்றிப் பெரியபாளையம் வழியாகக் கொண்டுசென்றோம். ஏறும் வகுப்பினின்று பெயரை நீக்கி, கையிற் பிடித்து நடத்திக் காட்டும் வகுப்பில் சேர்க்கச் சொன்னோம், மறுப்பின்றிச் சேர்த்தனர். கடிவாளம் ஒன்றே அணி. இடப்பக்கத்தில் தோளருகே நின்று, நேராக நடத்திச் சென்று, திரும்பும்போது குதிரையை நம்மிடமிருந்து விலக்கி வலப்புறமாகத் திருப்பி, பெருநடையில் நேரே நடுவரை நோக்கி வர வேண்டும். நிற்கையில் நான்கு கால்களும் அவர் கண்ணுக்குத் தெரிய நிற்க வேண்டும். நடுவர் குளம்பைத் தூக்கிப் பார்த்தார், வாயைப் பார்த்தார், தோலை விரலால் எதிர்த்து நீவி விரல் நுனியைப் பார்த்தார். பின்னர் அவர் கையும் அதே இடத்தில் நின்றது.

"இதனால்தான் ஏறவில்லையா?" என்று வினவினார்.

"ஆம், ஐயா. நேற்று மாலைதான் கண்டோம்" என்றோம்.

அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த குதிரைக்குச் சென்றார். ஏழு குதிரைகளில் எமக்கு நான்காமிடம். பரிசு மூவர்க்கே. பிற்பகலில் ஏறும் வகுப்பை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். கண்ணாடிபோல் மின்னும் காலணியுடன் வந்த ஒருவருடைய கடிவாள இரும்பில் முந்தினநாட் புல் உலர்ந்து பச்சையாக ஒட்டியிருந்ததையும், நடுவர் அதனை விரலாற் சுரண்டியதையும் கண்டபோது முதியவர் எம் விலாவில் மெல்ல இடித்தார்.

தோல் ஆறி மயிர் அரும்பும் வரை வயிற்றுவார் கூடாதென்பது அவர் ஆணை. அடுத்த வியாழக்கிழமை பொன்னேரியில் ஒரு திருமணத்திற்கு வாங்கிய முன்பணத்தைச் சிற்றப்பா மறுநாட் காலையிலேயே சென்று திருப்பிக் கொடுத்தார். அவ்வீட்டார் கோபித்துக்கொண்டனர்; மாப்பிள்ளை மோட்டார்க் காரில் ஊர்வலம் சென்றாரெனக் கேள்வியுற்றோம். பழைய வாரை வெட்டி எறிந்து, உள்ளே மெத்தென்ற பஞ்சுத்துணி தைத்த புதிய வாரொன்று செய்யக் கொடுத்தாயிற்று. அதன் விலை அவ்வூர்வலக் கூலியினும் சற்று மிகுதி.