கிள்ளானுக்குப் போன சத்ரியா

அன்று வெள்ளிக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு தே தாரேக், இரண்டு வடை. பிறகு கிள்ளானில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டேன்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் அங்காசாபுரியைத் தாண்டியதும் வழக்கமான ஜாம். நின்று நின்று ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். அலாவுதீன் விளக்கு மாதிரி இருக்குமே, அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கியது. எண்ணெய் மிதியை அழுத்தினால் அணைந்தது. கார் நின்றால் மறுபடியும் எரிந்தது. கூடவே பானெட்டுக்குள் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம்.

என் கார் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1.8 லிட்டர், 16 வால்வு. லோட்டஸ் பொறியாளர்கள் கைவைத்த கார். சின்ன வயதில் பக்கத்து வீட்டு அண்ணன் அதில் வந்து இறங்கும்போது வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். நாலு வருடச் சேமிப்பில், இரண்டாம் கையாக, கிட்டத்தட்ட இருபத்தைந்து வயதான ஒன்றை வாங்கினேன். அதன் எஞ்சின் போய்விட்டால் இன்னொரு தடவை செலவு செய்ய என்னிடம் பணம் இல்லை.

அவசரத் தடத்தில் ஒதுக்கி எஞ்சினை அணைத்தேன். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் அளவு சரியாகவே இருந்தது. அப்படியானால் விளக்கு ஏன் எரிகிறது? அப்பாவின் லோரியை இருபது வருடம் பார்த்துக்கொண்ட கிள்ளான் பட்டறை அங்கிளுக்கு ஃபோன் செய்தேன்.

"எண்ணெய் என்ன போட்ட?"

"0டபிள்யூ-20, அங்கிள். மூணு வாரத்துக்கு முன்னாடி நானே மாத்தினேன்."

இரண்டு வினாடி மௌனம். "ஸ்டார்ட் பண்ணாத. லோரில ஏத்திக் கொண்டா."

இப்படித்தான் நான் தினம் போகும் பாதையை முதல்முறையாக இழுவை லோரியின் உயரத்திலிருந்து பார்த்தேன். கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் எல்லை சொல்லும் கோத்தா டாருல் ஏசான் வளைவு, பெட்டாலிங் ஜெயா, சுபாங். பக்கத்திலேயே தனித் தடத்தில் மோட்டார் சைக்கிள்கள். பத்து தீகாவில் டோல் சாவடிக்காக இப்போது யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. 2018 ஜனவரி முதல் தேதியோடு அந்தக் கட்டணம் நின்றுவிட்டது.

பத்து தீகா என்றாலே கார் பிரியர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1968இல் திறக்கப்பட்ட பந்தயத் திடல் இங்கேதான் இருந்தது. 1990களில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம்கூட இங்கே நடந்தது. 1999இல் செப்பாங் வந்தபின் இது மங்கி, இன்று வீடுகளாகிவிட்டது. இதே ஷா ஆலமில்தான் புரோட்டோன் தொழிற்சாலையும். 1985இல் முதல் சாகா வெளிவந்தது. 2002இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரில் உலக ராலியின் புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டத்தை வென்றார். அந்தப் பெருமையெல்லாம் பிறந்த ஊர் வழியாக என் புரோட்டோன் லோரி மேல் படுத்துக்கொண்டு போனது.

பட்டறை, ஜாலான் தெங்கு கிளானாவின் பூக்கடைகளுக்கும் புடவைக்கடைகளுக்கும் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. அங்கிள் முதலில் எண்ணெய் அழுத்த சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மீட்டரை மாட்டினார்.

"இந்த விளக்கு எண்ணெய் எவ்வளவு இருக்குன்னு காட்டாது தம்பி. அழுத்தம் இருக்கான்னு காட்டும். பலபேர் மாத்திப் புரிஞ்சிக்கிறாங்க."

எஞ்சினைக் கிளப்பினார். ஆறியிருந்ததால் முள் நன்றாகவே நின்றது. சூடு ஏற ஏறக் கீழே இறங்கியது. உடனே அணைத்துவிட்டு எண்ணெயை வடித்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி, டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஃபில்டரையும் வெட்டிப் பிரித்தார். பேரிங் தேய்ந்திருந்தால் உலோகத் துகள் மினுமினுக்குமாம். அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது.

"ஒன்னும் இல்ல. நேரத்துக்கு நிறுத்திட்ட. இல்லன்னா எஞ்சினைத் திறக்கணும், அஞ்சாயிரம் வெள்ளியாவது போயிருக்கும்."

பிறகுதான் பாடம் தொடங்கியது. நம் வீட்டில் மினியாக் ஹீத்தாம் என்று சொல்லும் எஞ்சின் எண்ணெயில் முதல் எண்ணுக்குப் பின்னால் வரும் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கிறது. எடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு 1911இலேயே எண்ணெய்களுக்கு இந்தத் தர வரிசையைத் தொடங்கியது. 0டபிள்யூ மைனஸ் 35 பாகையிலும், 10டபிள்யூ மைனஸ் 25 பாகையிலும் சோதிக்கப்படும். கேமரன் மலையிலேயே அப்படிக் குளிராது. காலையில் 24 பாகைக்கு எழுந்திருக்கும் நமக்கு முதல் எண்ணால் பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டாவது எண்தான் நம்முடையது. அது 100 பாகைச் சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸ். 40 என்றால் 12.5 முதல் 16.3. ஏறக்குறைய இரு மடங்கு. தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். கல் காயக் காய அது தண்ணீர் மாதிரி ஓடும். எஞ்சினிலும் அதேதான்.

"பழைய எஞ்சின்ல பேரிங் இடைவெளி கொஞ்சம் அகண்டிருக்கும். மெல்லிசு எண்ணெய் அது வழியா சீக்கிரம் ஒழுகிடும். ஓடும்போது பம்ப் வேகமா சுத்துது, சமாளிச்சிடும். ஜாம்ல நின்னா பம்பும் மெதுவாயிடும். அதான் விளக்கு."

என் தவறு 0இல் இல்லை, 20இல். 0டபிள்யூ-40 ஊற்றியிருந்தால்கூட இந்த வம்பு வந்திருக்காது.

"ஜிஆர் யாரிஸுக்கு 0டபிள்யூ-20தான் அங்கிள் போடுறாங்க, அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்தானே?" என்று கேட்டேன்.

"அந்த எஞ்சினை அந்த எண்ணெய்க்காகவே கட்டியிருக்கான். பழைய பிஎம்டபிள்யூ எம்3க்கு 10டபிள்யூ-60 போடச் சொல்வான். ரெண்டும் வேகமான கார்தான்."

"அப்போ எனக்கும் 60 போட்டா இன்னும் பாதுகாப்புதானே?"

"இல்ல தம்பி. ரொம்பக் கெட்டியா இருந்தா சின்னச் சின்ன ஓட்டைக்குள்ள மெதுவாத்தான் போகும். எஞ்சினுக்குச் சுமை, பெட்ரோலும் கூடும். காலையில ஸ்டார்ட் பண்ற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் தேய்மானம் அதிகம்."

செப்பாங்கில் ஓட்டப் போகிறவர்களுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும் என்றார். திடலில் எண்ணெய்ச் சூடு 130 பாகையைத் தொடலாம். அப்போது 40 ரக எண்ணெய் 100 பாகையில் இருந்ததில் ஏறக்குறைய பாதிக் கெட்டியாகிவிடும். அதற்காகவே சிலர், கார்ப் புத்தகம் அனுமதித்தால், ஒரு படி மேலே 50க்குப் போகிறார்கள். வீட்டுக்கும் வேலைக்கும் ஓடும் காருக்கு அது தேவையில்லை.

நான் குறித்துக்கொண்டவை இவை. முதலில் காரோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். பல புத்தகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ரகம் இருக்கும். நம் வெயிலுக்கும் காரின் வயதுக்கும் ஏற்றதை அதற்குள் தேர்ந்தெடுங்கள். புது காருக்கு உற்பத்தியாளர் சொன்னதை மாற்றாதீர்கள், உத்தரவாதம் இருக்கிறது. பாதி விலைக்குக் கிடைக்கும் போத்தலைச் சந்தேகப்படுங்கள். போலி எண்ணெய் நம் சந்தையில் உண்டு. சிவப்பு விளக்கு எரிந்தால் 'அடுத்த பெட்ரோல் நிலையம் வரை' என்று ஓட்டாதீர்கள்.

வடித்த கறுப்பு எண்ணெயை அங்கிள் ஒரு டிரம்மில் ஊற்றி மூடினார். நம் சட்டப்படி அது அட்டவணைக் கழிவு. வாங்கிப்போக உரிமம் பெற்றவர்கள் வருவார்கள். மூன்று வாரத்துக்கு முன் நான் என் பழைய எண்ணெயை வீட்டுக்குப் பின்னால் உள்ள சாக்கடையில் ஊற்றியதை அவரிடம் சொல்லவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆறுதான் இங்கே வந்து கடலில் சேர்கிறது. நான் வருவதற்கு முன்பே அந்த எண்ணெய் கிள்ளானுக்கு வந்திருக்கும்.

10டபிள்யூ-40 ஊற்றி, இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார். முள் இறங்கியது, ஆனால் பாதுகாப்பான இடத்திலேயே நின்றது. டிக் டிக் சத்தமும் அடங்கியது. எண்ணெயும் ஃபில்டரும் சேர்த்து இருநூறு வெள்ளிக்குள். கூலி வாங்க மறுத்தார். "உங்கப்பா நெறையா குடுத்திட்டாரு" என்றார்.

வீட்டில் அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "சாமி விளக்கு அணையக்கூடாது, உன் கார் விளக்கு எரியக்கூடாது. இதுக்காடா இவ்வளவு படிச்ச?" என்று சிரித்தார்.

மறுநாள் திரும்பும்போது அங்காசாபுரி அருகே அதே ஜாம். வானொலியைக்கூட அணைத்துவிட்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்வரை அது எரியவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, வாங்கிய நாளிலிருந்து திறக்காத அந்தக் கார்ப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.