இரண்டு சிம், ஒரு வழக்கு

எங்கள் ஊரான தலைச்சோலையில் பலர் இரண்டு சிம் போட்ட போன்தான் வைத்திருக்கிறோம். ஒரு வளைவு திரும்பினால் ஒன்றில் சிக்னல் போய்விடும், மற்றது கைகொடுக்கும்.

இந்த இரட்டை சிம்முக்கு மதுரைக்காரர் எஸ். ராம்குமார் 2002-ல் விண்ணப்பித்து 2008-ல் காப்புரிமை வாங்கினார். அதை மீறுகிறார்கள் என்று செல்போன் நிறுவனங்கள்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். சுங்கத்துறை அத்தகைய போன்களின் இறக்குமதியைக்கூடத் தடுத்தது. ஸ்பைஸ், சாம்சங் நிறுவனங்கள் காப்புரிமையை எதிர்த்து மனு செய்தன. 2012-ல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் காப்புரிமையையே ரத்து செய்துவிட்டது. நுட்பம் ஏற்கெனவே தெரிந்ததுதான் என்பது முக்கியக் காரணம்.

எனக்கு மனசு ஆறவில்லை. ஏற்கெனவே தெரிந்தது என்றால், ஆறு வருடம் விண்ணப்பத்தைக் கையில் வைத்திருந்த காப்புரிமை அலுவலகம் அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா? தனி மனிதர் அலைந்தார், கம்பெனிகளின் சரக்கும் முடங்கியது. விண்ணப்பங்களை ஆராயும் பரிசோதகர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஏற்கெனவே தெரிந்த நுட்பமா என்று தேட அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.