ஆட்டக்காரனுக்குக் கூலி

எட்டயபுரத்துக்காரர்களாகிய நாங்கள் 'பாரதி பிறந்த மண்' என்று மார்தட்டினால், கோவில்பட்டிக்காரர்கள் 'ஹாக்கிப்பட்டி' என்று பதில் கொடுப்பார்கள். அங்கே தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் அடுத்த பெருமை வளைந்த அந்தக் கம்புதான். 2022-இல் அவ்வூர் மாரீஸ்வரன் இந்தியாவுக்காக ஆசியக் கோப்பை ஆடி வெண்கலத்தோடு திரும்பியது முதல் அவர்கள் குரல் இன்னும் ஓங்கிவிட்டது.

இப்பக்கத்து ஹாக்கிப் பேச்சு எங்கே தொடங்கினாலும் தன்ராஜ் பிள்ளையிடம் வந்து நிற்கும். அப்படி ஒரு பேச்சில் நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, ஆட்டமெல்லாம் சரி. நாட்டுக்காக ஆடுகிறவன் பணம் கேட்டுச் சண்டை போடலாமா?"

நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால், அந்த மனிதரின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தன்ராஜ் 1968-இல் புனேயை அடுத்த கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் வெடிமருந்துத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கிற வேலைக்காரர். பெயரில் மட்டுந்தான் தனம்; பையன்கள் ஆடியது உடைந்த மட்டைகளையும் பிறர் கழித்த பந்துகளையும் வைத்துக்கொண்டு. அங்கிருந்து புறப்பட்டவர் 1989-இல் இந்திய அணிக்கு வந்தார். முன்வரிசை ஆட்டக்காரர். பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டது போல ஓடுவார். ஒலிம்பிக் நான்கு, உலகக் கோப்பை நான்கு, ஆசிய விளையாட்டு நான்கு. இடையிடையே லண்டன், ஜெர்மனி, பிரான்ஸ், மலேசியா, டாக்கா என்று வெளிநாட்டுக் கிளப்புகளுக்கும் ஆடினார்.

1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. ஆசிய விளையாட்டு ஹாக்கியில் 32 வருஷத்துக்குப் பிறகு கிடைத்த தங்கம். ஊர் திரும்பியதும் அவரையும் வேறு சில மூத்தவர்களையும் அணியிலிருந்து நீக்கினார்கள். 'ஓய்வு கொடுத்திருக்கிறோம்' என்பது மேலிடத்தின் விளக்கம். ஆட்டக் கூலியும் பயணப் படியும் கேட்டதற்குத் தண்டனை என்பது வெளியே எல்லாரும் புரிந்துகொண்ட விஷயம்.

அமெரிக்காவில் 1964-இல் கூடைப்பந்து நட்சத்திரங்கள், பென்ஷனுக்கு வாக்குக் கொடுத்தாலொழிய மைதானத்தில் இறங்கமாட்டோம் என்று பாஸ்டன் நகரில் உடை மாற்றும் அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாக்கு கிடைத்தது, பிறகுதான் ஆட்டம் நடந்தது. அங்கே அது தொழிலாளியின் உரிமை. இங்கே அதையே கேட்டால் தேசபக்தி குறைவு!

தன்ராஜ் திரும்ப வந்தார். 2000-இல் சிட்னியில் போலந்து கடைசி நிமிஷங்களில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்ய, அரை இறுதி வாய்ப்பு பறிபோயிற்று. அவர் அழுதார். 2003-இல் ஆசியக் கோப்பையை வென்று தந்தார். 2004 ஏதென்ஸோடு ஆட்டம் முடிந்தது. நான்கு ஒலிம்பிக்கிலும் பதக்கம் ஒன்றுகூட இல்லை.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நம் கரிசலில் மழை பொய்த்து வெள்ளாமை சாவியாய்ப் போனாலும் உழுதவனுக்குக் கூலி உண்டு. அதைக் கேட்கிறவனை மண்மேல் பாசமில்லாதவன் என்று யாரும் சொல்வதில்லை."