ஒட்டுவதும் பெயர்வதும்

வழவழப்பான பரப்பில் ஒட்டு நிற்பது கஷ்டம். சைக்கிள் கடைக்காரருக்கு இது தெரியும். பஞ்சர் ஒட்டுமுன் ட்யூப்பை உரசிச் சொரசொரப்பாக்குகிறார். அதன் பிறகே பசை. பல் வைத்தியத்துக்கு இந்த விஷயம் சித்திக்க 1955 ஆயிற்று. அந்த வருஷம் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனொகோர் என்பவர் தொழிற்சாலை வழக்கம் ஒன்றை வாய்க்குள் கொண்டுவந்தார். உலோகத்தில் பெயின்ட் நிற்பதற்காக முதலில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதே அமிலத்தை, 85 சதவிகிதக் கரைசலாக, 30 விநாடி எனாமலின் மேல் வைத்துக் கழுவினார். அமிலம் அரித்த இடத்தில் அக்ரிலிக் ரெசின் முன்னைவிடப் பல மடங்கு காலம் ஒட்டி நின்றது.

அதற்கு முன்பெல்லாம் அடைப்பு என்பது ஒட்டியதே அல்ல, சிக்கிக்கொண்டிருந்தது. பாதரசக் கலவை விழாதிருக்க, குழியின் வாயைக் குறுக்கி அடியை அகலமாக்க வேண்டும். சொத்தையோடு நல்ல பல்லும் கொஞ்சம் போகும். அடைப்பின் சௌகரியத்துக்காகப் பல் தன்னைக் குறைத்துக்கொண்டது.

என் வாயில் இரண்டு ஒட்டுகள். ஒன்று, கல்லூரி நாளில் கிரிக்கெட் பந்து பட்டு மூலை உடைந்த முன்பல்லில். 12 வருஷமாக நிற்கிறது. இன்னொன்று ஈறு இறங்கி வேரோரம் தேய்ந்த கடைவாய்ப் பக்கத்துப் பல்லில். 4 வருஷத்தில் இரண்டு முறை பெயர்ந்தது. கவுண்டரில் ரூபாய் எண்ணும்போது நாக்கு அந்தக் குழியைத் தேடிப் போய்விடும். எண்ணிக்கை நாற்பதிலா ஐம்பதிலா என்று தடுமாறும். 'அதே பசைதானே டாக்டர்?' என்று கேட்டேன். 'பசை அதேதான் ஸார். மேலே இருப்பது எனாமல், கீழே டென்டைன்' என்றார். இந்த பதில் என்னை ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்தது.

எனாமல் எடையில் சுமார் 96 சதவிகிதம் தாது. அதில் உயிரணு கிடையாது. அமிலம் அதில் நுண்ணிய பள்ளங்களைத் தோண்டும். நீராக இருக்கும் ரெசின் அவற்றுள் இறங்கி, நீல வெளிச்சத்தில் இறுகிக்கொள்ளும். நன்றாக அரித்த எனாமலில் பிடிப்பு 20 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். அதாவது ஒரு சதுர மில்லிமீட்டரைப் பிய்க்கச் சுமார் 2 கிலோ எடையின் இழுப்பு வேண்டும்.

டென்டைன் வேறு ஜாதி. சுமார் 70 சதவிகிதம்தான் தாது. மீதி பெரும்பாலும் கொலாஜன் நாரும் நீரும். பல்லின் உயிர்க்கூழிலிருந்து கிளம்பும் நுண்குழாய்கள் அதை ஊடுருவி நிற்கின்றன. வெட்டிய முகத்தில் திரவம் கசிந்துகொண்டே இருக்கும். 1982இல் ஜப்பானில் நகாபயாஷியும் சகாக்களும் இங்கே ஒட்டு எப்படி நிகழ்கிறது என்று காட்டினார்கள். அமிலம் தாதுவைக் கரைத்ததும் கொலாஜன் வலை வெளிப்படுகிறது. ரெசின் அதனுள் புகுந்து, பல்லும் அல்லாத ரெசினும் அல்லாத ஒரு கலப்புப் படலமாகிறது. இதில் ஒரு சங்கடம். அதிகம் உலர்த்தினால் வலை படிந்துபோய் ரெசினுக்கு வழி அடைகிறது. ஈரம் மிஞ்சினால் நீர் உள்ளேயே தங்கிவிடுகிறது.

ரெசின் எட்டாத நார்கள் எப்போதும் கொஞ்சம் எஞ்சும். டென்டைனிலேயே உறங்கிக் கிடக்கும் என்ஸைம்களை அமிலம் எழுப்பிவிடுகிறது; அவை அந்த நார்களை மெல்ல அரிக்கின்றன. நீரும் தன் பங்குக்கு ரெசினைச் சிதைக்கிறது. ஒட்டை அவிழ்ப்பதில் பல்லுக்கும் பங்கு உண்டு.

நம் வட்டத்தில் ஒரு நாவல் சரியில்லை என்றால் 'இருத்தலியல் ஒட்டவில்லை' என்கிறோம். கட்டுரை சரியில்லை என்றால் 'அமைப்பியல் ஒட்டவில்லை'. குற்றம் எப்போதும் பசையின் பேரில், அது அந்நியச் சரக்கு என்பதால். எனக்கு இது போதவில்லை. பசைகளைச் சோதிப்பவர்கள் பிடுங்கிய பல்லை 1 சதுர மில்லிமீட்டர் குச்சிகளாக அறுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். அங்கே வரும் எண்களை வாய் அப்படியே ஒத்துக்கொள்வதில்லை. வாயில் காப்பியும் எச்சிலும் ஓயாத மெல்லுதலும் உண்டு. கோட்பாடுகளை நாமும் இறுகிப்போன பிரதிகளில் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் பலம் பேசுகிறோம். நூற்றாண்டுகள் கடந்த ஒரு செய்யுள் எனாமல் மாதிரி, எதையும் தாங்கும். சென்ற மாதம் நண்பன் எழுதிய கவிதை இன்னும் கசிகிறது. அதில் இன்று கச்சிதமாகப் பொருந்தும் வாசிப்பை இரண்டு வருஷத்தில் அந்தக் கவிதையே கழற்றி எறியக்கூடும். அது கவிதையின் குறை அல்ல.

பிந்தி வந்த ஒரு மார்க்கமும் உண்டு. ஜப்பானில் உருவான எம்.டி.பி. என்ற மூலக்கூறு கொண்ட பசைகளில் மிதமான வகை, பல்லை லேசாகவே அரிக்கிறது. நார்களைச் சுற்றியுள்ள கால்ஷியத்தில் கொஞ்சத்தை விட்டுவைத்து, அதனோடு ரஸாயன ரீதியாகப் பிணைகிறது. குறைவாகக் கரைத்தும் டென்டைனில் அது நன்றாகவே நிலைக்கிறது. எனாமலில் மட்டும் அந்த மென்மை போதாது. அங்கே பழைய அமிலமே மேல்.

ஆகவே ஒரு விமர்சகனிடம் எந்தப் பசை என்று கேட்பது எனக்கு இப்போது இரண்டாம் பட்சம். எந்த இடத்தில் வைத்தான், வைப்பதற்காக எவ்வளவு கரைத்தான் என்பதையே முதலில் பார்க்கிறேன்.